மென்று ஊட்டிய சோறு

குழந்தை இட்டிலியைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

திருச்சியில் பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு காப்பி ஓட்டல். பெண்கள் உட்காருவதற்கென்று பின்பக்கத்தில் மரத்தட்டி வைத்து மறைத்த ஓர் அறை இருந்தது. மார்கழிக் காலை. இலையில் இட்டிலி ஆவி பறந்துகொண்டிருந்தது. அடுத்த மேஜையில் யாருக்கோ நெய் ரோஸ்ட் வந்து அறை முழுக்க மணத்தது. என் கணவர் எதிரே உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். மடியில் என் மகள் செல்வி. இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

நான் ஒரு விள்ளல் பிட்டேன். செல்வியின் கண் என் கையோடு வந்து என் உதட்டில் நின்றது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த விள்ளலை என் வாயில் போட எனக்குத் தைரியம் இல்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கணும்மா. அது தெரியற வரைக்கும் குழந்தையைக் கொஞ்சம் தள்ளியே வைங்க. முத்தம்கூட வேண்டாம். உங்க தட்டு, டம்ளர் எல்லாம் தனியா இருக்கட்டும். உங்க எச்சில் மட்டும் குழந்தைக்குப் படவே கூடாது."

எச்சில் என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன். மாதக்கணக்கில் என் மகள் சாப்பிட்ட சோறெல்லாம் என் எச்சில்தான். அது டாக்டருக்குத் தெரியாது. கட்டின கணவருக்கும் தெரியாது.

"பிசைஞ்சு ஊட்டேன், பசிக்குது பார் அதுக்கு" என்றார் அவர்.

பாலை விட்டுப் பிசைந்தேன். கூழாகக் கரைத்து ஊட்டினேன். செல்வி நாக்கால் தள்ளி வெளியே விட்டாள். முகவாயில் வழிந்ததைத் துடைத்து மறுபடி ஊட்டினேன். மறுபடி துப்பினாள். பிறகு என் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். கடை திறக்கவில்லையா என்று கதவைத் தட்டுவது மாதிரி.

ஓட்டல் இட்டிலி புளிப்பாக இருக்கிறதோ என்னவோ என்றார் கணவர். ஆமாம் என்றேன்.

எது வெளிநாடு?

கப்பலில் வந்து இறங்கிய கதையைப் போன வாரமே படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அப்பா அங்கே மரக்கடையில் கணக்குப்பிள்ளை. கல்யாணமும் அங்கேயே நடந்தது. மாப்பிள்ளை திருச்சிக்காரர், இரண்டு வருஷம் வேலைக்கென்று வந்திருந்தவர். வேலை முடிந்து அவர் ஊர் திரும்பினார், நானும் கூடவே வந்தேன். அது ஐம்பதுகளின் பின்பாதி.

எல்லோரும் என்னை "சொந்த ஊருக்கு வந்துட்டியா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். தமிழ் பேசத் தெரியும் என்பதால் ஓர் ஊர் சொந்த ஊராகிவிடுமா? காய்கறிக்காரியின் தராசிலிருந்து குழாயடிச் சண்டை வரைக்கும் எனக்கு எல்லாம் புதிது. என் கணக்கில் நான் வெளிநாட்டில்தான் குடித்தனம் செய்துகொண்டிருந்தேன்.

ரங்கூனில் எங்கள் வீடு சைவம். வீட்டு வாசலைத் தாண்டினால் சைவமா என்று என்னைக் கேட்காதீர்கள். மீன் குழம்பில் சேமியா மாதிரி ஒன்றைப் போட்டுத் தெருமுனையில் விற்பாள் ஒரு பர்மாக்காரி. மொஹிங்கா என்று பேர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானும் என் தம்பியும் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமர்த்தாக மோர்சாதம் சாப்பிடுவோம்.

அடுத்த வீட்டில் டோ மியா என்று ஒரு பர்மிய அம்மாள் இருந்தாள். என் அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிரசவம். எங்களில் பாதிப் பேருக்கு டோ மியாதான் சோறு ஊட்டினாள். அங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு. குழைந்த சோற்றில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, தாய் தன் வாயில் வைத்து நன்றாக மென்று, மாவாக்கி, அதைக் குழந்தையின் வாயில் வைப்பாள். அங்கே எந்தத் தாயும் இதை ஒளித்துச் செய்ததில்லை. வாசலில் உட்கார்ந்து பேச்சுக்கு நடுவே மென்று மென்று கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் வளர்ந்ததும் அப்படித்தான்.

சித்திரை வீதி வீடு

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஓர் அடுக்களை, முற்றத்தில் பாதி உரிமை. நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்று உறுதி சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள். முன்கட்டில் வீட்டுக்காரர்கள். மாமா கோயிலில் பாசுரம் சேவிக்கும், அதாவது ஓதும், கோஷ்டியைச் சேர்ந்தவர். மார்கழியில் அவரைப் பகலில் வீட்டில் பார்க்கவே முடியாது. இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்டதால் மாமியும் மாமாவும் மட்டும்தான். மாமியின் பெயர் செங்கமலம்.

செங்கமலம் மாமி நல்லவள். ஆனால் அவளைக் கண்டால் எனக்கு உதறல்தான். மடிப் புடவையைக் கொடியில் போடவும் எடுக்கவும் ஒரு மூங்கில் கழி வைத்திருப்பாள். அந்தக் கழியைக்கூட நான் தொடக்கூடாது. சோறு தொட்ட கையால் மோர்ச்சட்டியைத் தொட்டுவிட்டால் அது பத்து என்று ஒரு தீட்டு. கை அலம்ப வேண்டும். டம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்தால் அது எச்சில். டம்ளரையும் அலம்ப வேண்டும், வைத்த இடத்தையும் துடைக்க வேண்டும். முதல் வாரத்தில் நான் முற்றத்தில் நின்று ஒரு கொய்யாப் பழத்தைக் கடித்துவிட்டு மீதியைக் கணவரிடம் நீட்டினேன். மாமி அதைப் பார்த்துவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நான் நின்ற இடத்தில் தெளித்தாள்.

"உங்க ஊர்ல எப்படியோ நேக்குத் தெரியாது. எங்காத்துல எச்சல் கூடாதுடி கமலா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இந்த வீட்டில்தான் என் மகளுக்குப் பால் மறக்கடிக்க வேண்டி வந்தது.

கழன்ற வளையல்

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு பாலும் வற்றிவிட்டது. செல்விக்கு அன்னம் ஊட்டுகிற சடங்கு அப்போதுதான் ஆகியிருந்தது. அன்றைக்குப் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பருக்கை வைத்தபோது அதையும் துப்பியவள் அவள்.

கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், ரசம் சாதம் என்று எதைக் கொடுத்தாலும் நாக்கால் தள்ளினாள். டப்பாப் பால்மாவு வாங்கினோம். அது அவள் வயிற்றைக் கட்டிப்போட்டது. பசும்பாலைப் பாலாடையில் புகட்டினால் பாதி கழுத்தில் வழிந்தது.

குழந்தையின் கையில் கறுப்பு வளையல் போட்டிருந்தேன். போடும்போது சோப்பு நுரை தடவித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை அது தானாகவே கழன்று பாயில் கிடந்தது. அதை எடுத்து மறுபடி மாட்டினேன். ஒரு தடையும் இல்லாமல் ஏறியது.

அன்று மத்தியானம் அடுக்களைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரு கவளம் சோற்றை மென்றேன். டோ மியா செய்ததுபோல இரண்டு விரலால் எடுத்து வைத்தேன். செல்வி விழுங்கினாள். வாயைத் திறந்தாள். இன்னொன்று வைத்தேன். அதையும் விழுங்கினாள். நான் அழுதுகொண்டே மென்றேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். குழந்தை தேறியது. "பரவாயில்லையே, பிசைஞ்சு ஊட்டிப் பழக்கிட்டியே" என்று கணவர் மெச்சினார். மாமியும் மெச்சினாள். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டதற்கு, குழந்தை பராக்குப் பார்க்கிறது என்று சொல்லிவைத்தேன். செல்வி தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சோறு என்பது அம்மாவின் வாயிலிருந்து வருவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கார்த்திகையில் எனக்கு இருமல் பிடித்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. கஷாயம் கேட்கவில்லை. மார்கழியில் டாக்டரிடம் போனோம். போன இடத்தில்தான் படம் எடுக்க வேண்டும் என்றார்.

அந்தச் சீக்கு

அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சீக்கு என்பார்கள். சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் வீதியிலேயே ஒரு பெண் அதற்காக ஊரைவிட்டு எங்கோ ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் வீட்டுக் கூடத்தை வெள்ளையடித்தார்கள், அவள் பாயை ஆற்றங்கரையில் கொளுத்தினார்கள். அவள் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

ஓட்டலில் இருந்து பஸ் ஏறி வந்தோம். காவிரிப் பாலத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. செல்வியைக் கணவர் மடியில் வைத்திருந்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். எனக்கு வந்திருந்தால் வரட்டும். அவளுக்குள் எத்தனை கவளம் போயிருக்கும்? இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பட்டினியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நோயைத் தின்னக் கொடுத்தேனா?

வீட்டுக்கு வந்ததும் கணவர் மாமாவிடமும் மாமியிடமும் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டார். காலி பண்ணச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். படம் வந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பகலில் செல்வி தன்னோடு இருக்கட்டும் என்றாள். இரண்டு பெண்ணை வளர்த்தவளுக்கு ஒரு குழந்தைக்குச் சாதம் ஊட்டத் தெரியாதா என்றும் சொன்னாள்.

தெரியவில்லை. நெய் விட்டுப் பிசைந்த சாத்தமுது சாதத்தை, நாம் ரசம் என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள், செல்வி மாமியின் மடிப் புடவையிலேயே துப்பினாள். பருப்பும் நெய்யும் துப்பினாள். மாமி காக்காய் காட்டினாள், கோபுரம் காட்டினாள், பொம்மை காட்டினாள். செல்வி மாமியின் தோளைத் தாண்டி முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்ற என் வாயையே பார்த்து அழுதாள். அவள் கண்ணில் படக்கூடாது என்று நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளும் அதே கதை. கொஞ்சம் பால் இறங்கியது, அதையும் கக்கினாள்.

அடுத்த நாள் அழுகை நின்றுவிட்டது. அதுதான் என்னைக் கலக்கியது. மாமியின் தோளில் சுருண்டு கிடந்தாள். கறுப்பு வளையலை மாமி கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். கையில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கிறதாம்.

சொன்னேன்

மாமா கோயிலுக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு முற்றத்தின் இந்த ஓரத்தில் நின்றுகொண்டு, முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல் மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, அவ பிசைஞ்சு கொடுத்தா சாப்பிட மாட்டா. நான் மென்னு கொடுத்துப் பழக்கிட்டேன்."

"மென்னுன்னா?"

"என் வாயில போட்டு மென்னு, அதை எடுத்து அவ வாயில வைப்பேங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு என் அடுக்களைக் கதவைப் பார்த்தாள்.

"இந்த ஆத்துலயா?"

"ஆமாங்க மாமி. கதவைச் சாத்திட்டு."

மாமி குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வீட்டை அலம்பிவிடுகிறாள் என்று புரிந்தது. அடுத்தது நாங்கள்தான். எந்தப் பெட்டியில் எதை வைப்பது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரில் யார் வாசலில் நிற்பது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று முழுவதும் மாமி முன்கட்டை விட்டு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் செல்வியின் சத்தமே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களையின் பின் ஜன்னலைத் திறந்து கொல்லைப்புறத்தைப் பார்த்தேன்.

கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் மாமி எனக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். செல்வி அவள் மடியில் மல்லாந்து கிடந்து, அவள் முகத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். மாமியின் தாடை அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு குனிந்தாள். செல்வியின் தொண்டை ஏறி இறங்கியது.

மாமி மறுபடியும் கிண்ணத்தில் கைவிட்டாள்.

கிண்ணம் காலியானதும் குழந்தையைத் துணியில் கிடத்திவிட்டுக் கிணற்றில் நீர் இறைத்தாள். மார்கழிக் குளிரில் தலையோடு ஊற்றிக்கொண்டாள். இன்னும் இறைத்து, இன்னும் ஊற்றினாள். ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டே பெருமாளுக்குப் படைக்கும் தளிகை சமைக்க உள்ளே போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் முற்றத்தில் விளக்கேற்ற வந்தவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "குழந்தை சாப்பிட்டுது." திரியைத் தூண்டிவிட்டு, "மாமா காதுல விழுந்தா உன்னோட நானும் மூட்டை கட்டணும்டி."

அன்றிலிருந்து பயப்பட நாங்கள் இரண்டு பேர் ஆனோம்.

ஒவ்வொரு வேளைக்கும் ஒரு குளியல். கோயிலில் மார்கழி விழாக் காலம் என்பதால் மாமா கவனிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மாமிக்குத் தும்மல் வந்தது, பின்னாலேயே இருமல். என் வாயிலிருந்து குழந்தைக்கு, குழந்தையின் வாயிலிருந்து மாமிக்கு என்று கணக்குப் போட்டேன். பச்சைத் தண்ணீரில் ஊறினால் யாருக்குத்தான் இருமல் வராது? பயந்தவளுக்கு இந்த நியாயமெல்லாம் எட்டாது.

படம்

ஆஸ்பத்திரியில் எடுத்த படம் வந்த நாளில் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் நெஞ்சுக்கூட்டை நானே அன்றுதான் பார்த்தேன்.

"சுத்தமா இருக்கும்மா. வெறும் சளிக்கட்டுதான். மருந்து எழுதித் தரேன், நல்லா சாப்பிட்டாப் போதும்."

கணவர் வழியில் அதே ஓட்டலுக்குக் கூப்பிட்டார். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடவில்லை, அவ்வளவுதான்.

முன்கட்டில் மாமா இருந்தார். விழா முடிந்து அன்றுதான் ஊஞ்சலில் ஆற அமர உட்கார்ந்திருந்தார். மாமி கீழே முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றே எனக்கு ஒன்றும் இல்லையாம் என்று சொன்னேன். மாமியின் கை கீரையில் நின்றது. "ரங்கா" என்றாள், அவ்வளவுதான்.

அப்போது செல்வி தவழ்ந்து வந்தாள். சாப்பாட்டு வேளை. நேராக மாமியிடம் போய் மடியைப் பிடித்து எழுந்து, அவள் முகவாயைக் கையால் பற்றி, வாயைத் திறந்துகொண்டு அவள் உதட்டையே பார்த்தாள்.

மாமா ஊஞ்சலை நிறுத்தினார். "என்னடி இது, குழந்தை உன் வாயையே பார்த்துண்டிருக்கு?"

மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பாசுரம் சேவிப்பேன்" என்றாள் மாமி. "அதைக் கேட்டுண்டே இருக்கும்."

"அப்படியா? எங்கே, சேவி பார்க்கலாம்."

மாமி தொடங்கினாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை, அன்று நடுங்கியது. செல்வி இன்னும் அகலமாக வாயைத் திறந்தாள். உதடு அசைகிறது, சோறு வரவில்லை. இன்னும் ஒரு வரி போனால் அழுதுவிடுவாள். மாமா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். மாமி பாசுரத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்து, கண்ணால் என் கட்டுப் பக்கம் காட்டினாள்.

நான் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். காலையில் வைத்த சோறு குழைவாக இருந்தது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஒரு கவளத்தை என் வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தேன். செல்வி அண்ணாந்து பார்த்தாள்.

முன்கட்டில் மாமா நடுவில் ஒரு வார்த்தையைத் திருத்தினார். மாமி திருத்திக்கொண்டு மேலே சொன்னாள். குழந்தை வயிறு நிறைந்து தூங்கும்வரை அவள் நிறுத்தவில்லை.